குறைந்த செலவில் சிற்றலை: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்க வேண்டும் என்று ஆசை வந்ததும் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்த ரேடியோ செட் வாங்கலாம்?" என்றுதான். செட் கடைசியில் வரட்டும். கரகரப்பு இல்லாத ஓர் இடம், பத்து மீட்டர் கம்பி, சரியான நேரம் ஆகியவை அமைந்துவிட்டால் சாதாரண செட்டிலேயே வேலை நடக்கும். அமையாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் செட்டிலும் இரைச்சல்தான் வரும். அதனால் இங்கே செலவில்லாத வேலைகளை முதலிலும், காசு போகிற வேலைகளைப் பிறகும் சொல்கிறேன்.

எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

நடுவயதைத் தாண்டிய பலருக்குச் சிற்றலை என்றால் இலங்கை வானொலியும் பிபிசி தமிழோசையும்தான். அந்த நினைப்போடு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதே ஆண்டு ஜனவரிக் கடைசியில் ரேடியோ ஆஸ்திரேலியாவும் சிற்றலையை மூடியது. நம் ஆகாசவாணியின் சிற்றலைச் சேவையும் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

இருந்தாலும் காற்று காலியாக இல்லை. சீன வானொலி பல மொழிகளில், பல அலைவரிசைகளில் எந்நேரமும் கேட்கும். தென்கொரியாவின் கேபிஎஸ், ஜப்பானின் என்எச்கே, ருமேனிய வானொலி, பிபிசி உலக சேவையின் ஆங்கில ஒலிபரப்பு, நியூசிலாந்தின் பசிபிக் சேவை, வத்திக்கான் வானொலி எல்லாம் இன்னும் சிற்றலையில் இருக்கின்றன. இவை தவிர நேரம் மட்டுமே அறிவிக்கும் நிலையங்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்கள் என்று தனி உலகமே உண்டு. பாட்டு, செய்தி மட்டும் போதும் என்றால் கைப்பேசியே போதும். நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய அலை நடுவில் எந்தக் கம்பியும் இல்லாமல் மொட்டைமாடிக்கு வந்து சேர்வதில் ருசி கண்டவர்களுக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு.

காசில்லாத முதல் படி

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு வானொலிப் பெட்டியை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. வெப்எஸ்டிஆர் என்று தேடினால் கிடைக்கும். கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து, அலைவரிசையைத் தட்டி, அங்கே விழும் சிற்றலையை இங்கிருந்தே கேட்கலாம். உலகம் முழுக்கப் பல ஊர்களில் ஆர்வலர்கள் வைத்திருக்கும் கிவிஎஸ்டிஆர் பெட்டிகளுக்கு ஒரு வரைபடம் உண்டு. அதில் இந்தியா, தென்கிழக்கு ஆசியாப் பக்கம் இருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நம் ஊரில் கேட்பதற்குக் கொஞ்சம் நெருக்கமான அனுபவம் கிடைக்கும்.

ஒன்றிரண்டு வாரம் இதில் விளையாடுங்கள். மூன்று விஷயம் பழகிவிட வேண்டும். முதலாவது நேரம். வானொலி அட்டவணைகள் எல்லாம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் யூடிசி. இரவு 7 மணி என்றால் 13.30. இரண்டாவது, அலையின் நீளத்தைச் சொல்லும் மீட்டருக்கும் அலைவரிசைக்கும் உள்ள உறவு. 31 மீட்டர் என்றால் 9,400 முதல் 9,900 கிலோஹெர்ட்ஸ் வரை, 25 மீட்டர் என்றால் 11,600 முதல் 12,100 வரை, இப்படி. மூன்றாவது, ஒற்றைப் பக்கப்பட்டை என்கிற எஸ்எஸ்பி. ஹாம்கள் பேசுவதைச் சாதாரண முறையில் கேட்டால் வாத்து கத்துவதுபோல் இருக்கும். எஸ்எஸ்பி பொத்தானைப் போட்டு நுணுக்கமாகத் திருகினால் மனிதக் குரலாகிவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் கீழ்ப்பட்டை (எல்எஸ்பி), 14-இல் மேல்பட்டை (யுஎஸ்பி). இந்தத் திருகலுக்குக் காது பழக ரெண்டு மூன்று நாள் ஆகும்.

இதிலேயே அலுப்புத் தட்டிவிட்டால் நல்லது, ஒரு ரூபாயும் போகவில்லை.

வீட்டு இரைச்சலைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான புதியவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். செட் வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் திருகி, 'ஒன்றுமே வரவில்லை' என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். வானொலி அலை வந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் மின்சாதனங்களின் இரைச்சல் அதை மூடிவிடுகிறது.

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அலையில் (மீடியம் வேவ்) நிலையம் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தி ஒலியைக் கூட்டுங்கள். இப்போது வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடுவார். விலை குறைந்த எல்இடி பல்பு, கைப்பேசி சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், இணைய மோடம் ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். கேட்கிற நேரத்தில் அவற்றை அணைத்து வைத்தாலே போதும், மாற்ற வேண்டியதில்லை.

மெயினை அணைத்த பிறகும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. கடலோர ஊர்களுக்கே உரிய ஒரு தொல்லை இதில் உண்டு. உப்புக் காற்று மின்கம்பங்களின் பீங்கான் மீது படிந்து, ஈரமான இரவுகளில் அதன் வழியாக மின்சாரம் கசியும். அது வானொலியில் தொடர்ந்த உறுமலாகக் கேட்கும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்களுக்கு இது அதிகம் தெரியும். நல்ல மழை பெய்து உப்பு கழுவப்பட்டதும் உறுமல் தானாகக் குறைந்துவிடும். ஆகவே நல்ல மழைக்கு மறுநாள் இரவைக் கேட்பதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

வீட்டில் வழியே இல்லை என்றால் செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலை அழகானது, ஆனால் அத்தனை விளக்குகளுக்கு நடுவில் சிற்றலைக்கு உதவாது. கடலூரில் சில்வர் பீச்சில் கடைகளைத் தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்த பக்கம், பாகூர் ஏரிக்கரை, கிராமத்து வயல்வெளி ஆகியவை மேல். உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் ஏரியல் தாழ்வான கோணத்தில் வரும் தொலைதூர அலைகளை நன்றாக வாங்கும். நமக்குக் கிழக்கே அந்தமான் வரை வெறும் கடல்தான் என்பது இந்தக் கரைக்காரர்களுக்கு இலவசமாகக் கிடைத்த வசதி.

இப்போது செட்

முதல் செட்டுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குள் மூன்று வழிகள் இருக்கின்றன.

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், பழைய எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடைகளிலும் பழைய பிலிப்ஸ், மர்ஃபி, புஷ் டிரான்சிஸ்டர் செட்டுகள் எப்போதாவது கண்ணில் படும். வாங்கப் போகும்போது புது பேட்டரிக் கட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, டயல் நூல் அறுந்திருக்கிறதா, பேண்ட் சுவிட்சை மாற்றும்போது ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். பகலில் சந்தை இரைச்சலுக்கு நடுவில் சிற்றலையைச் சோதிப்பது கடினம். மத்திய அலையில் 1215 கிலோஹெர்ட்ஸில் புதுச்சேரியோ 720-இல் சென்னையோ கேட்டால் செட்டுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆகாசவாணி பல ஊர்களில் மத்திய அலையை மூடிக்கொண்டே வருவதால், கேட்கவில்லை என்றால் உடனே செட்டின் மீது பழி போட்டுவிடாமல் வேறு நிலையத்தையும் தேடுங்கள்.

இரண்டாவது, எஸ்டபிள்யூ 1 முதல் 8 வரை என்று அச்சிட்டு விற்கும் புது முள் செட்டுகள். மலிவுதான், ஆனால் டயலில் ஒரு நூலளவு நகர்த்தினால் நான்கு நிலையங்கள் ஓடிவிடும். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்கும் வேடிக்கையும் உண்டு. வருகிற அலையைச் செட் தனக்குள் மாற்றிக்கொள்ளும் அலைவரிசைக்கு இடைநிலை அலைவரிசை என்று பெயர், இவற்றில் பலவற்றில் அது 455 கிலோஹெர்ட்ஸ். அதனால் 9,900-இல் இருக்கும் பலமான நிலையம் அதற்கு 910 கீழே, 8,990-இலும் போலியாகத் தலைகாட்டும். புது நிலையம் பிடித்துவிட்டோம் என்று குதிப்பதற்கு முன் 910-ஐக் கூட்டிப் பாருங்கள். தொடங்குகிறவருக்கு இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதுதான் சரியான வழி: அலைவரிசையை எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் செட். எஸ்ஐ 4732 என்ற சில்லை (சிப்) வைத்துச் செய்யும் ஏடிஎஸ்-20 மாதிரிச் சின்னப் பெட்டிகளில் எஸ்எஸ்பி-யும் கேட்கலாம். டெக்சன் பிஎல்-310ஈடி நல்ல செட், மூன்று பென் பேட்டரியில் ஓடும், ஆனால் எஸ்எஸ்பி கிடையாது. கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் டெக்சன் பிஎல்-330 அல்லது எக்ஸ்ஹெச்டேட்டா டி-808. இரண்டிலும் எஸ்எஸ்பி உண்டு. பிஎல்-330-க்குப் பழைய நோக்கியா போனின் பிஎல்-5சி பேட்டரிதான், கடலூர் லாரன்ஸ் ரோட்டில் எந்த மொபைல் கடையிலும் கேட்கலாம். வாங்குமுன் 'எஸ்எஸ்பி உண்டா, வெளி ஏரியல் செருக துளை உண்டா' என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். புளூடூத், பென்டிரைவ், டார்ச் விளக்கு என்று அடுக்கியிருக்கும் செட்டுகளில் வானொலிப் பகுதி பெரும்பாலும் சுமார்தான்.

ஒரு செட்டையாவது எப்போதும் பேட்டரியோடு தயாராக வைத்திருங்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாத அந்த மாதிரி இரவுகளில் சிற்றலை அற்புதமாகக் கேட்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கம்பி கட்டுதல்

எலக்ட்ரிக்கல் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1 ஸ்கொயர் வயரில் பத்து மீட்டர் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெறும் செம்புக் கம்பி வேண்டாம், உப்புக் காற்றில் ஓரிரு ஆண்டில் பச்சை பிடித்து இற்றுவிடும். பிளாஸ்டிக் உறையோடு இருப்பதே நமக்குச் சரி, வானொலி அலைக்கு உறை ஒரு தடையே இல்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு சவுக்குக் கம்பைக் கட்டுங்கள், இந்தப் பக்கம் சவுக்குக்கா பஞ்சம். மறுமுனை தென்னை மரமாகவோ இன்னொரு கம்பாகவோ இருக்கலாம். இரு முனையிலும் விரல் நீள பிவிசி குழாய்த் துண்டை வைத்து, அதிலிருந்து நைலான் கயிற்றால் கட்டினால் மின்காப்பு ஆயிற்று. கயிறு கடலூர் முதுநகரில் வலைச்சாமான் விற்கும் கடைகளில் நல்ல ரகமாகக் கிடைக்கும். தென்னையில் கட்டினால் கயிற்றைக் கொஞ்சம் தளர விடுங்கள், காற்றில் மரம் ஆடுமே.

தெருவில் போகும் மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலேயோ இந்தக் கம்பி போகக் கூடாது. அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

கம்பியின் ஒரு முனையைச் சன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, முதலை கிளிப்பால் செட்டின் இழுப்பு ஏரியலில் மாட்டுங்கள், அல்லது ஏரியல் துளையில் செருகுங்கள். நீளம் கூடக் கூட நல்லது என்று முப்பது மீட்டர் கட்டிவிடாதீர்கள். சின்ன டிஜிட்டல் செட்டுகள் அதைத் தாங்காது. ராத்திரியில் பலமான நிலையங்கள் எல்லா இடத்திலும் பேய்போலத் தலைகாட்டத் தொடங்கினால் செட் திணறுகிறது என்று பொருள். கிளிப்பை உலோகத்தில் மாட்டாமல் கம்பியின் உறை மேலேயே மாட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்.

இடி இடிக்கும்போது மட்டுமல்ல, கேட்காத எல்லா நேரத்திலும் கம்பியைச் செட்டிலிருந்து கழற்றிச் சன்னலுக்கு வெளியே போட்டுவிடும் பழக்கம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கோடை இடியிலும் இது கட்டாயம்.

எப்போது, எங்கே திருகுவது

வானில் நூறு முதல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் சிற்றலையை மடக்கி மீண்டும் பூமிக்கு அனுப்புகிறது. பகலில் அதன் கீழடுக்கு ஒன்று தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். அதனால் பகலில் 13, 15, 17 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்கள். பொழுது சாய்ந்ததும் அந்தக் கீழடுக்கு மறைகிறது, 6 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை உயிர் பெறுகிறது. மாலை 6 முதல் இரவு 10 வரையும், விடியற்காலை 5 முதல் 7 வரையும் நல்ல நேரங்கள்.

நம் பகுதி காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைக்கக் காரணமான அதே கோடுதான். இதனால் பொழுது சாய்ந்த பின் சில நாள் அயனி மண்டலம் கலங்கி, குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் படபடக்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டி இது அதிகம். செட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஏரியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 5,000, 10,000, 15,000 கிலோஹெர்ட்ஸ் மூன்றும் நல்ல இடங்கள். சீனாவின் பிபிஎம் நேர நிலையம் அங்கே நொடிக்கு நொடி 'டிக்' அடித்துக்கொண்டிருக்கும், 15,000-இல் மட்டும் பகலில்தான். எதில் பலமாகக் கேட்கிறதோ அதை ஒட்டிய அலைவரிசைகள் அந்த நேரத்துக்கு ஏற்றவை. எந்த நிலையம் எப்போது எங்கே என்பதற்கு ஷார்ட்-வேவ் இன்ஃபோ என்ற தளத்தில் அலைவரிசையைப் போட்டுப் பார்க்கலாம். அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். நேற்று வரை கேட்ட நிலையம் அந்த வாரத்தில் காணாமல் போனால் பதற வேண்டாம், வேறு அலைவரிசைக்குப் போயிருக்கும்.

கடல் தாண்டி வரும் பண்பலை

சிற்றலை இல்லாமலும் தூரத்து நிலையம் பிடிக்க ஒரு வழி உண்டு, இதற்குக் கைப்பேசியில் உள்ள எஃப்எம் ரேடியோவும் இயர்போனும் போதும். பண்பலை சாதாரணமாக அடிவானத்தைத் தாண்டி வெகுதூரம் போகாது. ஆனால் கோடையில் தரையிலிருந்து வீசும் வெப்பக் காற்று குளிர்ந்த கடல்காற்றின் மேல் படுக்கும்போது, நடுவில் ஒரு குழாய் போட்டதுபோல் அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். கடலூரிலிருந்து யாழ்ப்பாணம் நேர்க்கோட்டில் சுமார் 230 கிலோமீட்டர்தான். வியர்த்து வழியும் காற்றில்லாத கோடை இரவுகளில் உள்ளூர் நிலையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் திருகிப் பாருங்கள். சூரியன், சக்தி, வெற்றி என்று இலங்கைத் தமிழ் அறிவிப்பு வந்தால் அன்றைய கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எல்லா நாளும் வராது.

எழுதி வையுங்கள், அனுப்பி வையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, யூடிசி நேரம், அலைவரிசை, நிலையம், என்ன கேட்டது. ஒரு நிலையத்தைக் கால் மணி நேரமாவது கேட்டு, நிகழ்ச்சி விவரத்தோடு அவர்களுக்கு மின்னஞ்சலில் அறிக்கை அனுப்பினால், பல நிலையங்கள் கேட்டதை உறுதிப்படுத்தும் வண்ண அட்டையை அனுப்புவார்கள். சிலர் தபாலில், சிலர் மின்னஞ்சலில். சிக்னல், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவதுதான் சின்போ முறை. பெருந்தன்மையாக 55555 போடாதீர்கள், அது அவர்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. 34232 என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அடுத்து ஹாம்

கேட்பதிலிருந்து பேசுவதற்குப் போக உரிமம் வேண்டும். உரிமம் தேவைப்படும் வாக்கி-டாக்கியை இணையத்தில் வாங்கி, உரிமம் இல்லாமலே பேசத் தொடங்குவது சட்டப்படி குற்றம். பாவ்ஃபெங் மாதிரிக் கருவிகள் மலிவாகக் கிடைப்பதால் இளைஞர்கள் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த விற்பனையைக் கட்டுப்படுத்த 2025-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளே கொண்டுவந்தது. போலீஸ், துறைமுகம், படகுகள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து பரப்பும் வேலையும் வேண்டாம்.

உரிமம் தருவது மத்திய தொலைத்தொடர்புத் துறை, விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில். வரையறுக்கப்பட்ட பிரிவு, பொதுப் பிரிவு என்று இரண்டு. முதலாவதற்கு அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் படித்தால் போதும், இரண்டாவதற்கு மோர்ஸ் தந்திக்குறியும் உண்டு. பொதுப் பிரிவுக்கு வியூ2, வரையறுக்கப்பட்ட பிரிவுக்கு வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தேர்வுக்குச் சென்னை போய்வருவது வசதி. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நினைவிருப்பவருக்குத் தேர்வு கஷ்டமில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழு, தொலைபேசி செத்துப்போன நிலையில் அங்கிருந்து செய்திகளைக் கடத்தியது. பேரிடர் நேரத்தில் ஹாம்களைத் தேடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செலவுக்குப் பயந்தால் ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவியைப் பற்றித் தேடிப் படியுங்கள். சாதாரணக் கடைப் பொருட்களை வைத்துச் சாமானியர் கட்டிக்கொள்ளும் எஸ்எஸ்பி கருவி அது, உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள். அதற்கு ஏரியலாக 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஓர் இருமுனைக் கம்பி (டைபோல்) வேண்டும் என்றால், 143-ஐ 7.1 ஆல் வகுங்கள், சுமார் 20 மீட்டர் வரும். நடுவில் வெட்டிப் பாதிப் பாதியாக, மாடியின் இரு மூலைக்கு.

உரிமம் கைக்கு வரும் வரை காலை 6 முதல் 8 மணிக்குள் 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ் வரை கீழ்ப்பட்டையில் கேட்டுக்கொண்டே இருங்கள். இந்திய ஹாம்கள் எப்படி அழைக்கிறார்கள், எப்படி முடிக்கிறார்கள் என்பது காதிலேயே ஏறிவிடும். உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஹாம்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வைத்திருக்கிறார்கள்; யாராவது அந்த இருப்பிடக் கட்டத்தைக் கேட்டால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே பதில்தான்: எம்கே 91.